விறகே கூலி: காட்பாடியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் நிகழ்வு ஆய்வு

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் காற்றும் இடியுமாக முக்கால் மணி நேரம் மழை கொட்டியது. ஓய்ந்தபோது, காட்பாடி காந்தி நகரின் ஒரு குறுக்குத் தெருவில், தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. நீளம் 9 மீட்டர், அடிப்பக்கக் கனம் 35 சென்டிமீட்டர். ஒரு வீட்டின் காம்பவுண்டு சுவர் மேல்வரிசை இடிந்தது. ஒரு ஸ்கூட்டர் நசுங்கியது. வழக்கமாக அந்த நேரத்தில் கிளைக்கு நேர் கீழே நிற்கும் இஸ்திரி வண்டிக்காரர், மழைக்கு எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தார்.

மறுநாளே தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சுவர் இடிந்த வீட்டுக்காரர் மரத்தை அடியோடு எடுக்க வேண்டும் என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள். எதிர்ப்பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தெருவே டீச்சரம்மா என்று கூப்பிடும் அவர், மரத்தைத் தொடக்கூடாது என்றார். மற்றவர்கள் நடுவில். அவர்களில் ஒருவர்தான் எனக்குப் போன் செய்தார். தோட்டக்கலை படித்துவிட்டு, வேலூர், ராணிப்பேட்டை பக்கங்களில் பெரிய மரங்களைச் சோதித்துச் சொல்வதும், கிளை கழிக்கும் வேலையை முன்னின்று நடத்துவதும்தான் என் தொழில்.

நான் போவதற்குள் ஒரு மரவெட்டி ஒப்பந்தக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார். மரத்தை முழுதாக வெட்டி எடுத்துக்கொள்வதானால் கூலி வேண்டாம், அவரே தெருவுக்குக் கொஞ்சம் பணம் தருவார். மரம் வேண்டும் என்றால் பெரிய கிளைகளை மட்டும் எடுத்து 'மொட்டை' போட்டுத் தருவார், அதற்கும் கூலி இல்லை, கட்டை அவருக்கு. இந்தப் பேச்சை நான் பல தெருக்களில் கேட்டிருக்கிறேன். மரத்தின் நோவை விட இந்தக் கணக்குதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும். ஏன் என்பது கீழே வரும்.

மரம்

சுற்றளவு, நெஞ்சு உயரத்தில், 3.6 மீட்டர். அதாவது குறுக்களவு 1.15 மீட்டர். உயரம் சுமார் 17 மீட்டர், கிளை விரிந்த அகலம் 24 மீட்டர். "நாங்க இங்க குடி வரும்போதே இது பெரிய மரம் தம்பி. எங்க பெரியவன் அப்போ கைக்குழந்தை" என்றார் டீச்சரம்மா. அவர்கள் வந்து 45 வருஷம்.

தூங்குமூஞ்சி நம் ஊர் மரம் இல்லை. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் பிறந்தது, நிழலுக்காக இங்கே கொண்டுவரப்பட்டது. சாயங்காலம் இலை மடங்கும், மழை மூட்டம் கட்டினாலும் மடங்கும், அதனால்தான் அந்தப் பெயர். வேகமாக வளரும். கிளைகள் குடைக்கம்பி மாதிரி படுக்கையாக நீளும். அந்தப் படுக்கைதான் அதன் அழகு, ஆபத்தும் அதுதான். நுனியில் இலையும் காயுமாக எடை ஏறி, மழைத் தண்ணீரும் சேர்ந்தால், அடியில் இழுவை பயங்கரமாக இருக்கும். அடிக்கட்டை நன்றாக இருந்தால் தாங்கும்.

'அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை' என்று வேலூரைச் சொல்வார்கள். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டது. மலைகள் அப்படியேதான் மொட்டைப் பாறையாக நிற்கின்றன. கத்திரி வெயிலில் பகலெல்லாம் சூடேறிய பாறை ராத்திரியிலும் அனல் விடும். இந்த ஊரில் 24 மீட்டர் நிழல் விரிக்கும் ஒரு மரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கன்றை நட்டு 'சரிசெய்துவிட்டோம்' என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் விழப்போகிற மரத்தை நிழலுக்காக நிறுத்தி வைக்கவும் முடியாது. அதனால் மரம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, கிளை ஏன் விழுந்தது என்பதில் ஆரம்பித்தேன்.

விழுந்த கிளை சொன்னது

கிளை முறிந்த இடத்தை இஸ்திரிக்காரர் அறுத்து, உட்காரும் பலகையாக ஓரம் வைத்திருந்தார். நல்லவேளை. அந்தத் துண்டில் எல்லாமே தெரிந்தது. வெளிச்சுற்றில் நாலு விரல் அகலத்துக்கு நல்ல மரம். அதற்கு உள்ளே பழுப்பாக, நகத்தால் கிள்ளினால் உதிரும் நார். நடுவில் பொந்து, கட்டெறும்புக் கூடு.

விழுந்தது பிறவிக் கிளை இல்லை. பல வருஷம் முன்பு, மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று யாரோ ஆள் வைத்து மரத்தை மொட்டையடித்திருக்கிறார்கள். தொடை கனமுள்ள கிளைகளைப் பாதியில் வெட்டிக் கட்டையாக விட்டுவிட்டார்கள். அந்த முண்டுகளின் விளிம்பில் இருந்து துளிர்கள் கொத்தாகக் கிளம்பின. ஒவ்வொரு துளிரும் வருஷத்துக்கு வருஷம் கனத்துக் கிளையானது. கீழே அது பற்றிக்கொண்டிருந்த முண்டு அதே காலத்தில் உள்ளே அழுகிக்கொண்டே போனது. மேலே எடை கூட, கீழே பிடிப்பு குறைய, ஒரு மழைக்கு முறிந்தது.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். நாங்கள் அதைக் கழுத்து என்போம். வெட்டு அந்தக் கழுத்துக்கு வெளியே, அதை ஒட்டி விழுந்தால், மரம் அந்த இடத்தில் உள்ளுக்குள் சுவர் எழுப்பி அழுகலைத் தடுக்கும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து, 1970-களில் இதை விளக்கினார். மரத்துக்கு நம் தோல் மாதிரி காயம் ஆறாது. கெட்ட பகுதியை உள்ளேயே அடைத்து வைத்துவிட்டு மேலே புதிதாக வளரும். கழுத்தையும் சேர்த்துச் சீவிவிட்டால் அந்தச் சுவர் பலவீனமாகும். பாதிக் கிளையில் வெட்டினால் சுவர் எழுப்ப அங்கே கழுத்தே இல்லை.

இப்போது விறகுக் கணக்குக்கு வருகிறேன். வெட்டுகிறவருக்குக் கூலி கட்டையாகத்தான் வருகிறது என்றால், அவர் கை எந்தக் கிளையைத் தேடும்? கனமானதைத்தான். நுனியில் இரண்டு விரல் கனக் கிளைகளை நாள் முழுக்கக் கழித்தால் அவருக்கு லாரியில் ஏற்ற ஒன்றும் கிடைக்காது. மரத்துக்குத் தேவையோ அந்த மெல்லிய வெட்டுகள்தான். ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் பிழைப்பு அது. கூலி கொடுக்கிற முறைதான் மரத்தை வெட்டுகிறது. இந்த மரத்தில் மட்டும் அப்படிப்பட்ட பழைய முண்டுகளை ஏழு எண்ணினேன். 'கூலி வேண்டாம்' என்று வந்த வேலைக்குத்தான் இந்தத் தெரு இப்போது சுவரும் ஸ்கூட்டருமாகப் பணம் கட்டியது.

அடிமரமும் வேரும்

மேலே பார்த்தது எனக்குப் பழக்கமானது. கீழே பார்த்தது தூக்கத்தைக் கெடுத்தது.

மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை. உள்ளே மண் நிரப்பியிருந்தார்கள். அதற்கு வெளியே தெருவெல்லாம் பேவர் பிளாக். மேற்குப் பக்கம், அடிமரத்தில் இருந்து 2 மீட்டரில், மழைநீர்க் கால்வாய். அதற்குப் பள்ளம் எடுத்தபோது அந்தப் பக்கத்து வேர்களை ஜேசிபி வாரிக்கொண்டு போயிருக்கிறது. பெரிய மரத்தின் வேர் ஆழத்தில்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வேர் மேல் 2 அடி மண்ணுக்குள்ளேயே கிளை நிழலையும் தாண்டி ஓடும். மூச்சுக்காற்று அந்த மேல்மண்ணில்தான் கிடைக்கும். அடிமரக் குறுக்களவைப் போல 12 மடங்கு தூரம் வரை வேரைக் காக்க வேண்டிய வட்டம் என்பது பொதுக் கணக்கு. இந்த மரத்துக்கு அது கிட்டத்தட்ட 14 மீட்டர். ரோடு அகலமே 9 மீட்டர்தான்.

கால்வாய்ப் பக்கம் அடிமரத்தில் உள்ளங்கை அகலத்தில், அரக்குப் பூசியது போல் மினுங்கும் ஒரு காளான் தட்டு. கானோடெர்மா. தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது தஞ்சாவூர் வாடல் நோயாகத் தெரியும். அந்தக் காளானின் இனம்தான். வெளியே தட்டு தெரிந்தால் உள்ளே மரத்தை அழுக வைக்கும் வேலை வெகுநாளாக நடக்கிறது என்று அர்த்தம். அதைக் கொல்லும் மருந்து கிடையாது. இதைத் தெருக்காரர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினேன். மேற்கில் கால் பங்குக்கு 'பொத் பொத்' என்று வந்தது, மற்ற பக்கமெல்லாம் கணீர். பிறகு நீண்ட மெல்லிய துளைப்பானால் நாலு இடத்தில் துளையிட்டு, உள்ளே கடினம் எங்கே விட்டுப்போகிறது என்று அளந்தேன். துளையிடுவதும் ஒரு காயம்தான், மரம் எழுப்பிய சுவரையே ஓட்டை போடும். அதனால் நாலுக்கு மேல் போகவில்லை. கிழக்கில் நல்ல மரம் 31 சென்டிமீட்டர், தெற்கில் 27, வடக்கில் 24, மேற்கில் 15. உள்ளே பொந்தான மரத்தில், சுற்றியுள்ள நல்ல மரத்தின் கனம் ஆரத்தில் 0.3 பங்குக்குக் கீழே போனால் முறியும் வாய்ப்பு கூடும் என்பது துறையில் பரவலாகப் பயன்படும் அளவுகோல். இந்த மரத்தின் ஆரம் 57 சென்டிமீட்டர், வேண்டியது 17. மேற்குப் பக்கம் தோற்றது, மற்ற மூன்றும் தாராளமாகத் தேறின.

அது மேற்காக இருந்ததுதான் சங்கடம். வேலூருக்கு வெயில் கால இடிமழைக் காற்று பெரும்பாலும் மேற்கில் இருந்துதான் அடிக்கும். அந்தக் காற்றுக்கு மேற்கு வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறு. மரம் சாய்ந்தால் கிழக்கே சாயும். கிழக்கே இருப்பது டீச்சரம்மா வீடு.

அவரிடம் முதலில் தனியாகப் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் வீட்டு மேலதான்னா, முடிவை நான் சொல்லக்கூடாது தம்பி. நீ பார்த்து சொல்லு" என்றார்.

முடிவு

வெட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம் உடம்பு உறுதியாக இருந்தது. இலை அடர்த்தி நன்றாக இருந்தது, நுனி காயவில்லை. அடிமரத்தில் வெடிப்போ, மண் பிளந்து தூக்கிய அடையாளமோ இல்லை. காற்று பிடிக்கும் பரப்பைக் குறைத்து, வேருக்கு மூச்சு கொடுத்து, கீழே ஆள் நிற்பதைத் தவிர்த்தால் ஆபத்து ஏற்கக்கூடிய அளவுக்கு வரும். இதெல்லாம் வருஷத்துக்கு இரண்டு முறை சோதனை என்ற நிபந்தனையோடு. ஏதாவது ஒரு சோதனையில் கணீர்ப் பக்கம் ஒன்று பொத்தென்று மாறினால், வெட்டுவதற்கு நானே எழுதிக் கொடுப்பேன் என்றும் சேர்த்தேன். சுவர் இடிந்த வீட்டுக்காரர் அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் சம்மதித்தார். பொது இடத்து மரத்தை வெட்டுவது என்றால் கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நாங்கள் கேட்டது கிளை கழிக்க மட்டும். அதற்கும் எழுத்து மூலம் அனுமதி வாங்கினோம், மின் இணைப்பை நிறுத்தும் நாளையும் எழுதி வாங்கினோம். கம்பி ஓடும் மரத்தில் லைனை நிறுத்தாமல் யாரையும் ஏற்ற மாட்டேன், எவ்வளவு அவசரமானாலும்.

பணம்: 19 வீடு, வீட்டுக்கு 2,000 ரூபாய். மொத்தம் 38,000. வெட்டினால் வரவு, காத்தால் செலவு என்று ஒருவர் சொன்னார். கணக்குப்படி சரிதான். ஏறுகிறவர்களுக்கு நாள் கூலி, கட்டையில் பங்கு இல்லை என்று முதலிலேயே பேசினேன். கழித்த விறகை இஸ்திரிக்காரருக்கும் பக்கத்து டீக்கடைக்கும் கொடுத்துவிட்டோம்.

மரத்தின் மேலே

ஏறியவர் அணைக்கட்டுப் பக்கத்துக்காரர். மாசி, பங்குனியில் புளி உலுக்கப் போவார், மற்ற நாளில் கிளை கழிப்பார். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், இவ்ளோ பெரிய மரம், பென்சில் மாதிரி கொம்பா எடுக்கச் சொல்றீங்க?" என்றார். இடுப்புப் பட்டை, இரட்டைக் கயிறு, ஹெல்மெட் மூன்றும் போட வைக்கவே அரை நாள் ஆனது. அப்புறம் கைரம்பத்தில் மூன்று வெட்டு முறையைக் காட்டினேன். முதல் வெட்டு கிளையின் அடியில், கழுத்தில் இருந்து ஒரு முழம் தள்ளி, மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டாவது அதற்குச் சற்று வெளியே மேலிருந்து; கிளை பட்டையை உரிக்காமல் விழும். மூன்றாவது மிச்சமிருக்கும் முண்டை, கழுத்தை ஒட்டி. இரண்டே கிளையில் அவர் கை அதைப் பிடித்துக்கொண்டது. அவரும் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். பாரம் ஏற்றுவதற்கு முன் குதிகாலால் கிளையை ஒரு இடி இடித்து, அதிர்வு நுனி வரை ஓடுகிறதா, நடுவில் செத்துப்போகிறதா என்று பார்ப்பார். நடுவில் செத்தால் அங்கே அழுகல். அப்படி அவர் காட்டிய ஒரு முண்டு, கீழே இருந்து நான் 'சரி' என்று குறித்து வைத்திருந்தது.

காய்ந்த கிளைகள், புல்லுருவி பிடித்த நுனிகள், கவைப் பொந்தில் முளைத்திருந்த ஒரு அரசங்கன்று, இவை போயின. ஏழு முண்டுகளில் மூன்றின் மேலிருந்த கனத்த துளிர்க் கிளைகளை, கீழே இருந்த நல்ல பக்கக்கிளை வரை குறைத்தோம். மற்ற நான்கை பிப்ரவரிக்குத் தள்ளினேன்; இலை உதிர்ந்து புதுத் துளிருக்கு முன் வெட்டுவது மரத்துக்கு லேசு. ஒரே தடவையில் இலையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது விதி. இவ்வளவு வயதான, நோவு கண்ட மரத்துக்கு அதுவும் அதிகம் என்பது என் எண்ணம். அந்த முறை எடுத்தது சுமார் 15 சதவீதம். மைனாக் கூடு இருந்த ஒரு பொந்துக் கிளையைத் தொடவில்லை. வேலை முடிந்ததும் மேலே பார்த்த ஒருவர், "ஒண்ணுமே எடுக்கலையே சார்" என்றார்.

வெட்டிய இடத்தில் தார் பூசச் சொன்னவர்களும், சாணி பூசச் சொன்னவர்களும் உண்டு. எதுவும் பூசவில்லை. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் ஷைகோ காட்டியதுதான். சில சமயம் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து அழுகலுக்கே உதவும். அடிமரத்தில் இருந்த ஆணிகளை எண்ணினேன்: 43. விளம்பரத் தகடு, சீரியல் லைட்டு, கொடிக்கயிறு எல்லாவற்றுக்கும். இழுத்தால் வந்தவற்றை எடுத்தோம், பட்டை மூடியவற்றை விட்டுவிட்டோம்.

மேடை

எல்லாவற்றிலும் கஷ்டம் மேடைதான். டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் சாயங்காலம் உட்காரும் இடம் அது. அவர் போன பிறகு, அவர் நினைவாக அந்த அம்மா தன் செலவில் சிமெண்ட் போட்டுக் கட்டியிருந்தார். அதை உடைக்க வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? நான் ஒரு ஓரத்தில் இரண்டு செங்கல் பெயர்த்து, உள்ளே கையை விட்டுக் காட்டினேன். மண் மூடியிருந்த பட்டை கருத்து, ஈரத்தில் ஊறி வழவழத்தது. புதைந்த மண்ணுக்குள் மரமே புதிதாக ஒரு வேர் விட்டு, அது இரண்டு விரல் கனத்தில் அடிமரத்தைக் கயிறு மாதிரி சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அந்த வேரைத் தொட்டுப் பார்த்தார். "இது தெரிஞ்சிருந்தா அவரே கட்ட விட்டிருக்க மாட்டார்" என்றார். மறுநாள் காலை கடப்பாரை பிடித்தவர்களுக்கு முதல் ஆளாக அவர்தான் காபி கொண்டு வந்தார்.

மேடையை எடுத்து, வேர் விரியும் இடம் வெளியே தெரியும்வரை மண்ணைக் கையாலேயே தள்ளினோம். சுற்றிய வேரை உளியால் மூன்று துண்டாக வெட்டி எடுத்தோம். அடிமரத்தில் இருந்து 3 மீட்டர் வரை பேவர் பிளாக்கைப் பெயர்த்தோம். வேருக்கு வேர் இடைவெளியில் ஆரக்கால் மாதிரி ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, மக்கிய எருவும், வேப்பம் புண்ணாக்கும், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் கலந்த மண்ணைப் போட்டோம். டிரைக்கோடெர்மா கானோடெர்மாவை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல மண் உயிர் கூடினால் புது வேர் சீக்கிரம் ஓடும், அதற்காக. மேலே மரத்தின் சருகையே நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு, அடிமரத்தில் படாமல் ஒரு சாண் தள்ளி. கோடையில் பத்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர், அடியில் ஊற்றாமல் பெயர்த்த இடத்தின் ஓரமாக. உட்காருவதற்கு டீச்சரம்மா வீட்டுச் சுவரோரம் இரண்டு கருங்கல் பலகை போட்டோம். அவர் வீட்டுக்காரர் பெயர் பொறித்த சின்னக் கல் இப்போது அங்கே இருக்கிறது.

இஸ்திரி வண்டியை எதிர்ச்சாரியில் உள்ள புங்க மரத்தடிக்கு மாற்றினோம். அண்ணனுக்கு வருத்தம்தான், 22 வருஷ இடம். தினமும் சாயங்காலம் அணையாத கரிச்சாம்பலை அவர் கொட்டிவந்தது அந்த மேற்கு வேரின் மேல்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

20 மாதம் கழித்து

பிப்ரவரி வேலை முடிந்தது, மிச்ச நாலு முண்டும் குறைந்தன. இதுவரை மூன்று சோதனை. சுத்தியல் ஓசை வரைபடம் மாறவில்லை. மறுபடி துளையிடவில்லை, அவசியம் வரும்வரை இட மாட்டேன். மேற்குப் பக்க நுனிகளில் போன பங்குனித் துளிர் முன்னை விட நீளம். பெயர்த்த இடத்தில், மூடாக்கை விலக்கினால், வெள்ளை முனையோடு புது வேர் தெரிகிறது. இரண்டு பெருங்காற்றில் சின்னக் குச்சிகள் மட்டும் விழுந்தன. பேவர் பெயர்த்த இடத்தில் யாரோ ஒரு கார் நிறுத்த ஆரம்பித்திருந்தார். சுவர் இடிந்த வீட்டுக்காரரே போய்ப் பேசி, அங்கே நாலு கல் நட்டார்.

காளான் திரும்ப வந்திருக்கிறது. முதல் தட்டு காய்ந்து உதிர்ந்தது. போன மழைக்கு அதே இடத்தில் புதியது ஒன்று, ரூபாய் நாணய அளவில். அதை முதலில் பார்த்தவர் இஸ்திரி அண்ணன். சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டு, தேதி எழுதி, போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும், கரி பற்றவைப்பதற்கு முன், ஒரு படம் வருகிறது.